டீச்சர் பதில்கள்: போர்டு எழுதுமுன் ஒரு கொப்பி வாங்குங்கள்

சென்ற இதழில் வேலை தேடும் மலையகத் தேயிலைத் தோட்டத்துத் தம்பி ஒருவருக்கு, "உங்கள் தோட்டத்தில் இளைஞர் கழகம் இருந்தால் அங்கே விசாரித்துப் பாருங்கள்" என்று ஒற்றை வரி எழுதிவிட்டு அடுத்த கேள்விக்குப் போய்விட்டேன். அதற்கு வந்த கடிதங்களைப் பார்த்தால், கழகம் இருக்கிற தோட்டங்களைவிட, இருந்து செத்துப்போன தோட்டங்கள்தான் அதிகம் போலிருக்கிறது. ஆகவே இந்த முறை முழுப் பக்கமும் இதற்கே. டியூசன் கேள்வியும் கல்யாணக் கேள்வியும் அனுப்பியவர்கள் ஒரு மாதம் பொறுத்துக்கொள்ளுங்கள்.

டீச்சர், நாங்கள் 11 பேர், எல்லோருக்கும் 19 முதல் 24 வயது. தைப்பொங்கலுக்கு சொஃப்ட்போல் கிரிக்கெட் போட்டி ஒன்று வைத்தோம், நல்லபடியாக முடிந்தது. அதே சூட்டில் கழகம் ஒன்று தொடங்கலாம் என்று இருக்கிறோம். தோட்டத் தலைவர் "நம்ம தொழிற்சங்கத்துப் பெயரைப் போடுங்கடா, எல்லாம் செய்து தருகிறேன்" என்கிறார். டவுன் முதலாளி ஒருவர் ஜேர்சி தருவதாகச் சொல்கிறார். எப்படிப் பதிவது, யார் சொல்வதைக் கேட்பது?
— வாசகர், நோர்வூட்

தம்பி, 11 பேர் என்றதும் எனக்குச் சிரிப்பு வந்தது. கணக்காக ஒரு டீம். அதுதான் பயமும். உங்கள் 11 பேரில் ஒரு பெண்பிள்ளை இல்லை, பள்ளிக்கூடம் போகிற வயதில் ஒருவர் இல்லை, கீழ் டிவிசன் (தோட்டத்தின் உட்பிரிவு) ஆள் இருக்கிறாரா என்று நீங்கள் எழுதவில்லை, இருந்திருந்தால் எழுதியிருப்பீர்கள். இப்படியே பதிந்தால் அது இளைஞர் கழகம் அல்ல, பெயர் மாற்றிய கிரிக்கெட் டீம். டீம் நடத்துவதில் தப்பில்லை, அதற்கு வேறு வழி இருக்கிறது: பிரதேச செயலகத்தில் இருக்கிற விளையாட்டு உத்தியோகத்தரைப் பார்த்து விளையாட்டுக் கழகமாகப் பதிவதைப் பற்றிக் கேட்கலாம்.

இளைஞர் கழகம்தான் வேண்டும் என்றால் தேசிய இளைஞர் சேவைகள் மன்றத்தின் கீழ் பதிய வேண்டும். 1979ஆம் ஆண்டு 69ஆம் இலக்கச் சட்டத்தால் வந்த மன்றம் அது, தலைமையகம் மகரகமையில். ஆனால் நீங்கள் மகரகமைக்கு பஸ் ஏறத் தேவையில்லை. உங்கள் பிரதேச செயலகப் பிரிவுக்கு என்று ஓர் இளைஞர் சேவை அதிகாரி இருப்பார், அவரைப் போய்ப் பாருங்கள். உறுப்பினர் வயது 13 முதல் 29 வரை. எத்தனை பேர் வேண்டும், என்ன படிவம், முதல் கூட்டத்துக்கு அவர் வர வேண்டுமா என்பதெல்லாம் அவர் வாயால் கேட்டுக்கொள்ளுங்கள். முதல் தடவை இரண்டு பேர் போங்கள். ஒருவர் மட்டும் போனால் திரும்பி வந்து சொல்வது ஒன்று, அவர் சொன்னது ஒன்றாக இருக்கும்.

இங்கே ஒரு சிக்கல் இருக்கிறது, நம் பக்கத்துப் பிள்ளைகள் பலர் அதில்தான் முட்டிக்கொண்டு திரும்புகிறார்கள். இளைஞர் கழகம் கிராம உத்தியோகத்தர் பிரிவை வைத்துத்தான் பதியப்படும், தோட்டத்தையோ டிவிசனையோ வைத்து அல்ல. நமக்கோ ஊர் என்றால் டிவிசன்தான். மேல் டிவிசன்காரன் கீழ் டிவிசனுக்குப் பெண் கொடுப்பான், ஆனால் கோயில் நோட்டீஸில் பெயர் போட விடமாட்டான். ஒரே கிராம உத்தியோகத்தர் பிரிவுக்குள் இரண்டு தோட்டம், ஐந்தாறு டிவிசன், ஓரத்தில் ஒரு சிங்களக் கிராமம் எல்லாம் கிடக்கும். ஆகவே நீங்கள் போய் நிற்கும்போது "உங்கள் பிரிவில் ஏற்கெனவே ஒரு கழகம் இருக்கிறதே" என்று சொல்லக்கூடும். பதறாதீர்கள். அந்தக் கழகத்தின் தலைவர், செயலாளர் யார், கடைசிக் கூட்டம் எப்போது என்று மரியாதையாகக் கேளுங்கள். கடதாசியில் மட்டும் இருக்கிற கழகம் என்றால் அதற்குள் நுழைந்து உயிர் கொடுப்பது, புதிதாக ஒன்று கேட்டு அலைவதைவிடச் சுலபம். கடிதம் தமிழிலேயே எழுதுங்கள், தமிழும் இந்த நாட்டின் அரச கரும மொழிதான். கையில் ஒரு பிரதி வைத்து, அதில் திகதி முத்திரை குத்தி வாங்க மறக்க வேண்டாம்.

வயது வரம்பு இல்லாமல், பெரியவர்களையும் சேர்த்து நலன்புரிச் சங்கம் மாதிரி நடத்த விருப்பம் என்றால் 1980ஆம் ஆண்டு 31ஆம் இலக்கச் சட்டம் இருக்கிறது, தன்னார்வ சமூக சேவை அமைப்புகளைப் பதியும் சட்டம். ஆனால் 20 வயதில் அந்தச் சுமை வேண்டாம் என்பது என் அபிப்பிராயம். பெரியவர்கள் உள்ளே வந்தால் நீங்கள் கதிரை தூக்குகிறவர்கள் ஆகிவிடுவீர்கள்.

சரி, தலைவர் விசயம். அவரோடு சண்டை பிடிக்க வேண்டாம், தண்ணீர் பைப் உடைந்தாலும் லயத்து (வரிசை வீட்டு) கூரை பறந்தாலும் நாளைக்கு அவர்தான் ஒஃபீஸுக்குப் போக வேண்டும். ஆனால் சங்கத்தின் பெயரைப் போட்டீர்களோ, அந்த நிமிசமே மற்றச் சங்கத்துக்குச் சந்தா கட்டுகிற வீட்டுப் பிள்ளைகள் வெளியே. ஒரே லயத்தில் மூன்று சங்கம் இருக்கிற இடம் நம்முடையது. "தலைவரே, நீங்கள் எங்களுக்கு ஆலோசகராக இருங்கள்" என்று சொல்லுங்கள். அதோடு நிற்காமல் மற்றச் சங்கத்துத் தலைவர்மாரையும் மாதர் சங்கத்து அக்காவையும் அதே வார்த்தை சொல்லி அழையுங்கள். ஆலோசகருக்கு முதல் வரிசையில் கதிரை உண்டு, பொன்னாடை உண்டு, வங்கியில் கையெழுத்து மட்டும் கிடையாது.

ஜேர்சியை வாங்கலாம். ஆனால் பணமாக, பற்றுச்சீட்டு எழுதி வாங்கி நீங்களே தைத்துக்கொள்வது நல்லது. இனாமாக வந்த ஜேர்சியில் முதலாளியின் படம் நெஞ்சிலும் உங்கள் கழகத்தின் பெயர் முதுகின் கீழே சுருக்கு விழுகிற இடத்திலும் இருக்கும். எத்தனை பார்த்துவிட்டேன்.

ஜேர்சிக்கு முன்னால், பெயர்ப்பலகைக்கு முன்னால், மூன்று கொப்பி வாங்குங்கள். ஒன்று வரவுக்கு, ஒன்று கூட்ட அறிக்கைக்கு, ஒன்று கணக்குக்கு. முதல் மூன்று மாதம் பெரிய நிகழ்ச்சி எதுவும் வேண்டாம். மாதம் இரண்டு கூட்டம், சொன்ன நேரத்துக்கு, ஏழு பேர் வந்தாலும் நடத்த வேண்டும். அதோடு யார் கண்ணிலும் படுகிற மாதிரி ஒரு சின்ன வேலை: தண்ணீர் பிடிக்கிற பீலிக்கரையைக் கழுவலாம், லயத்து வடிகானை வெட்டிவிடலாம், பிள்ளைக்காம்பராவுக்கு (பிள்ளைப் பராமரிப்பு நிலையத்துக்கு) போகிற படியில் கைப்பிடி போடலாம். அந்த மூன்று மாதத்தில் யார் வாயால் மட்டும் உழைக்கிறவர் என்பது தன்னால் தெரிந்துவிடும். அப்புறம் தேர்தல் வையுங்கள். முதல் நாளே தலைவர், செயலாளர் என்று பிரித்துக்கொண்டால் சத்தமாகப் பேசுகிறவருக்குத்தான் பதவி போகும்.

எங்களுக்குக் கூட இடமே இல்லை. பழைய பிள்ளைக்காம்பரா பூட்டிக் கிடக்கிறது. கேட்டால் தொரை (தோட்ட முகாமையாளர்) முடியாது என்கிறார். கோயில் மண்டபத்தில் கூடலாமா?
— வாசகர், பூண்டுலோயா

தொரையிடம் எப்படிக் கேட்டீர்கள்? காலையில் வேலைக்குப் பேர் பதிகிற பிரட்டுக்களத்தில் பத்துப் பேர் சூழ நின்று கேட்டிருந்தால் யாராக இருந்தாலும் "முடியாது" என்றுதான் சொல்வார், அவருக்கு மேலே கொழும்பில் கம்பனி இருக்கிறது. எழுத்தில் கேளுங்கள். பெரும்பாலான தோட்டங்களில் நிலம் அரசாங்கத்துடையது, 1992க்குப் பிறகு கம்பனிகள் குத்தகைக்கு நடத்துகின்றன. ஆகவே "கட்டடத்தைத் தாருங்கள்" என்று கேட்டால் அவருக்கு அதிகாரம் இருக்காது, பயமும் வரும். "சனி, ஞாயிறு பிற்பகல் 2 முதல் 5 வரை ஆறு மாதத்துக்குப் பயன்படுத்த அனுமதி தாருங்கள், கூரைத் தகரம் இரண்டு நாங்களே மாற்றிக்கொள்கிறோம், சாவியை ஒவ்வொரு முறையும் ஒஃபீஸில் ஒப்படைக்கிறோம்" என்று கேட்டுப் பாருங்கள். அந்த மாதிரிக் கடிதத்துக்கு மறுப்பு எழுதுவது கஷ்டம். வெல்ஃபெயார் உத்தியோகத்தர் இருந்தால் அவர் வழியாகக் கொடுங்கள், பெருந்தோட்ட மனிதவள அபிவிருத்தி நிதியத்தோடு தொடர்பு இருப்பது அவருக்குத்தான்.

பிரதேச சபையையும் விடாதீர்கள். முன்பெல்லாம் உறுப்பினரிடம் போனால் "தோட்டத்துக்குள் சபைக் காசைச் செலவழிக்க முடியாது, சட்டம் இடம் தராது" என்று கையை விரிப்பார்கள். அது சாக்கு அல்ல, உண்மைதான். 1987ஆம் ஆண்டுப் பிரதேச சபைகள் சட்டத்தின் 33ஆம் பிரிவு அப்படி இருந்தது. 2018இல் அதைத் திருத்திவிட்டார்கள். அதே ஆண்டுதான் நுவரெலியா, அம்பகமுவ என்று இரண்டாக இருந்த சபைகளும் ஆறாகின. இன்றைக்கும் யாராவது பழைய பல்லவியைப் பாடினால் 2018 என்று மட்டும் சொல்லுங்கள், போதும்.

கோயில் மண்டபம் அவசரத்துக்குச் சரி. நிரந்தரமாக வேண்டாம். வேதக்கார (கிறிஸ்தவ) பிள்ளைகளும் முஸ்லிம் கடைக்காரர் மகனும் வாசலோடு நின்றுவிடுவார்கள், மாசியில் காமன் கூத்துக்குக் கம்பம் நட்டதும் உங்கள் கூட்டம் தெருவுக்கு வந்துவிடும், தீட்டு என்று சொல்லிப் பெண்பிள்ளைகளை மாதத்தில் சில நாள் வர விடமாட்டார்கள். மழை இல்லாத நாளில் மைதான ஓரத்துச் சவுக்கு மரத்தடியே மேல்.

நான் உயர்தரம் எழுதிவிட்டு வீட்டில் இருக்கிறேன். எங்கள் தோட்டத்துக் கழகத்தில் பெண்கள் எட்டுப் பேர் பெயருக்கு இருக்கிறோம். கூட்டம் இரவு ஏழு மணிக்கு. அம்மா விடுவதில்லை. விழா வந்தால் மட்டும் கோலம் போடவும் தேத்தண்ணி ஊற்றவும் கூப்பிடுகிறார்கள். விலகிவிடலாமா?
— வாசகி, லிந்துலை

விலகாதே மகள். விலகினால் அவர்களுக்கு ஒரு தொல்லை விட்டது, உனக்கு ஏழு கூட்டாளிகள் போனார்கள்.

உன் அம்மா மீது கோபப்படுவதற்கு முன் அவர் கண்ணால் அந்தப் பாதையைப் பார். ஏழு மணி, பனி இறங்கிவிட்டது, கடைசி லயத்துக்கு அப்புறம் லைட் கிடையாது, தேயிலைக்கு நடுவே ஒற்றையடிப் பாதை, வழியில் இரண்டு இடத்தில் குடித்துவிட்டு நிற்பார்கள். நான் அம்மாவாக இருந்தாலும் விடமாட்டேன். அவர் மறுப்பது கழகத்தை அல்ல, அந்த நேரத்தை. ஆகவே முதல் கோரிக்கை நேரம்தான்: ஞாயிறு மத்தியானம் இரண்டு மணி. கொழுந்து எடுக்கிற அக்காமாருக்கும் ஞாயிறுதான் தோதாக இருக்கும். "ஞாயிறு மெச் இருக்கே" என்பார்கள். மெச்சை நாலு மணிக்குத் தள்ளச் சொல்லு.

இரண்டாவது, பதவி. எட்டுப் பேரும் ஒன்றாகப் போய் உட்காருங்கள், ஒருத்தி மட்டும் பேச வேண்டாம். உபதலைவி பதவி தருவார்கள், அது அலங்காரம், வாங்காதீர்கள். பொருளாளர் அல்லது செயலாளர், இரண்டில் ஒன்று. இதை நான் பெண் என்பதால் சொல்லவில்லை (அதனாலும்தான்). நம் தோட்டங்களில் மாதச் சீட்டை யார் பிடிக்கிறார்கள் என்று பார், முக்கால்வாசி அம்மாமார்தான். பத்தாம் திகதி சம்பளத்தில் யார் எவ்வளவு தர வேண்டும், யாருக்குக் கழிவு என்பதையெல்லாம் கொப்பி இல்லாமல் மனதில் வைத்திருப்பார்கள். அந்தக் கையில் வளர்ந்த பிள்ளைக்குக் கணக்குப் பார்க்கத் தெரியாதா?

மூன்றாவது, மலசலகூடம். சிரிக்காதே. கூட்டம் நடக்கும் இடத்தில் பெண்பிள்ளைகள் போக ஓரிடம் இல்லாவிட்டால் ஒரு மணித்தியாலத்துக்கு மேல் யாரும் இருக்கமாட்டார்கள், ஏன் எழுந்து போகிறார்கள் என்று பையன்களுக்குக் கடைசிவரை விளங்காது. கூட்டத்தில் வாய் திறந்து சொல்ல வெட்கம் என்றால் அறிக்கைக் கொப்பியில் ஒரு வரியாக எழுதிவிடு.

விளையாட்டும் கேளுங்கள். கரப்பந்து இந்த நாட்டின் தேசிய விளையாட்டு, ஒரு வலையும் ஒரு பந்தும் போதும், சரிவு நிலத்தில் பந்து உருண்டு தேயிலைக்குள் போனால் எடுத்துவர நான்கு பொடியன்கள் இருக்கிறார்கள்.

இன்னுமொன்று, இது கழகப் பொறுப்பாளர்கள் எல்லோருக்கும். 13 வயதுப் பிள்ளையும் 29 வயது ஆளும் ஒரே இடத்தில் கூடுகிறார்கள் என்பதை மறக்க வேண்டாம். சின்னப் பிள்ளைகளை வெளியூர் முகாமுக்கோ போட்டிக்கோ கூட்டிப்போனால் பெற்றோர் கையெழுத்து வாங்குங்கள், கூடவே ஒரு தாயையும் அழைத்துப் போங்கள். ஏதாவது தப்பாகப் பட்டால் "கழகப் பெயர் கெட்டுவிடும்" என்று மூடி மறைக்க வேண்டாம். உதவிக்கு அழைக்கச் சிறுவர்களுக்கு 1929, பெண்களுக்கு 1938. இந்த இரண்டு நம்பரையும் கூடுகிற இடத்துச் சுவரில் பெரிதாக எழுதி வையுங்கள்.

ஜூன் மாதம் மஸ்கெலியாவில் பெரிய சொஃப்ட்போல் போட்டி வைக்கலாமா? ஒரு பியர் ஏஜென்ட் செலவை ஏற்பதாகச் சொல்கிறார்.
— வாசகர், மஸ்கெலியா

ஜூனில் மஸ்கெலியாவில் போட்டி வைத்தால் நீச்சல் போட்டி வையுங்கள். தென்மேல் மழை மே தொடங்கி செப்டெம்பர் வரை உங்கள் பக்கத்தைத்தான் பிடித்து அடிக்கும். உங்களுக்கு ஜனவரி முதல் ஏப்ரல் நடுவரைதான் காலம். பதுளை, பண்டாரவளைப் பக்கத்தில் இருப்பவர்களுக்குக் கணக்கு வேறு, அங்கே ஒக்டோபர் தொடங்கி ஜனவரி வரை மழை, ஜூன் ஜூலையில் காற்றும் வெயிலும். சாதாரண தர, உயர்தரப் பரீட்சைத் திகதிகளையும் பார்த்துக்கொள்ளுங்கள்.

பியர்காரர் வேண்டாம். ஒழுக்கம் போதிக்கிறேன் என்று நினைக்காதீர்கள், சட்டமே விடாது. 2006ஆம் ஆண்டு 27ஆம் இலக்கச் சட்டப்படி மதுபான, புகையிலை விளம்பரமும் அனுசரணையும் தடை. 21 வயதுக்குக் குறைந்தவர்களுக்கு விற்பதும் தடை. ஒலிபெருக்கிக்கு முன்கூட்டியே பொலிஸ் அனுமதி எடுங்கள், இரவு 10 மணியோடு நிறுத்துங்கள்.

எங்கள் கழகத்தில் பொருளாளரிடம் 18,500 ரூபா கணக்கு வரவில்லை. கேட்டால் "இருக்கிறது, தருகிறேன்" என்கிறார். பொலிஸுக்குப் போகச் சொல்லி சிலர், கோயிலில் சத்தியம் வாங்கச் சொல்லி சிலர். கழகம் இரண்டாகப் பிளந்து நிற்கிறது.
— செயலாளர், ஒரு தோட்டம், பதுளை மாவட்டம்

இந்தக் கடிதத்தைப் படித்துவிட்டு அன்று இரவு எனக்குத் தூக்கம் வரவில்லை. காரணத்தைச் சொல்கிறேன்.

எனக்கு 22 வயதில், பள்ளிக்கூடத்தில் தொண்டராசிரியையாகச் சேர்ந்த புதிதில், எங்கள் டிவிசனில் ஒரு வாசிப்புக் கழகம் வைத்திருந்தோம். பொருளாளர் எங்கள் லயத்துக்கு அடுத்த லயத்து அண்ணன், நல்ல மனிதர். திருவிழாவில் தேத்தண்ணிக் கடை போட்டு அலுமாரி வாங்கச் சேர்த்த காசு அவர் கையில் இருந்தது. அந்த மாதம் அவருடைய தங்கச்சியைக் கண்டி ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார்கள். காசு போய்விட்டது. அவர் எடுத்தார் என்பது உண்மை. ஆனால் அவ்வளவு காசை ஒரு தகர டப்பாவில் போட்டு, கூரை ஒழுகுகிற லயத்தில், ஒரே ஆளின் கையில் கொடுத்துவைத்தது யார்? நாங்கள். எட்டு மாதம் ஒருவரும் கணக்குக் கேட்கவில்லை, கேட்டால் சந்தேகப்படுவதாக நினைப்பாரே என்று நாகரிகம் பார்த்தோம். அப்புறம் ஒரே நாளில் பிரட்டுக்களத்தில் எல்லோர் முன்னிலையிலும் வைத்துக் கேட்டோம். அடுத்த நாள் காலை அவர் கொழும்புக்கு பஸ் ஏறிவிட்டார். இரண்டு வருடம் கழித்து ஒரு கவரில் முழுக்காசும் வந்தது, கடிதம் இல்லாமல். அதற்குள் கழகமும் இல்லை, புத்தகங்களைக் கறையான் தின்றுவிட்டது. அந்த அண்ணன் மறுபடி எங்கள் டிவிசனுக்கு வரவே இல்லை, தாய் செத்ததற்குக்கூட.

ஆகவே செயலாளர் தம்பி, இப்போதைக்குப் பொலிஸும் வேண்டாம், சத்தியமும் வேண்டாம். பொருளாளரை இரண்டு பேர் தனியாகச் சந்தியுங்கள், ஒருவர் அவருக்குப் பிடித்த ஆளாக இருக்கட்டும். இருந்த காசு எவ்வளவு, செலவு எவ்வளவு என்று மூன்று பேருமாக உட்கார்ந்து ஒரே தாளில் எழுதுங்கள். 18,500 ரூபாவில் பற்றுச்சீட்டு இல்லாத பஸ் காசு, சாப்பாட்டுக் காசு எல்லாம் கலந்திருக்கலாம், பாதி அங்கேயே குறைந்துவிடும். மிச்சத்தை மாதம் இத்தனை என்று எழுதி அவர் கையெழுத்து வைக்கட்டும், நீங்கள் இருவரும் சாட்சி. இரண்டு தவணை தவறினால் அப்போது பொதுக் கூட்டத்துக்குக் கொண்டு வாருங்கள். அதற்குப் பிறகும் இல்லை என்றால் பொலிஸ் எங்கும் ஓடிப்போகாது.

இனிமேலுக்கு: வங்கிக் கணக்கைக் கழகத்தின் பெயரில் திறந்து, மூன்று பேர் பெயரைக் கொடுத்து, எந்த இருவர் கையெழுத்திட்டாலும் எடுக்கலாம் என்று வையுங்கள். அந்த மூவரில் இரண்டு பேர் ஒரே குடும்பமாக இருக்கக் கூடாது. கையில் இவ்வளவுக்கு மேல் வைக்கக்கூடாது என்று ஒரு தொகையை முடிவு செய்து அறிக்கையில் எழுதுங்கள். கார்பன் வைத்த பற்றுச்சீட்டுப் புத்தகம் ஒன்று வாங்குங்கள், 50 ரூபா சந்தா என்றாலும் கிழித்துக் கொடுங்கள். முக்கியமானது இதுதான்: ஒவ்வொரு மாதமும் முதல் கூட்டத்தில் கணக்கைச் சத்தமாக வாசிக்க வேண்டும், யாரும் கேட்டாலும் கேட்காவிட்டாலும். எல்லா மாதமும் வாசித்தால் வாசிப்பது வழக்கம். ஒரு மாதம் மட்டும் கேட்டால் அது குற்றச்சாட்டு.

இதை நான் எந்தப் புத்தகத்திலும் படிக்கவில்லை. செத்த வீட்டுச் செலவுக்கு உதவுகிற எங்கள் தோட்டத்து மரண ஆதாரச் சங்கத்தில் பார்த்தேன். எழுத்து அரைகுறையாகத் தெரிந்த ஒரு தாத்தா, செத்த வீட்டுச் செலவு முடிந்த எட்டாம் நாள், துக்க வீட்டு வாசலிலேயே நின்று பெட்டிக்கு இவ்வளவு, வெள்ளைத் துணிக்கு இவ்வளவு, தப்புக்காரருக்கு இவ்வளவு என்று வாசிப்பார். அந்தச் சங்கம் எனக்குத் தெரிந்து எத்தனையோ தலைவரைப் பார்த்துவிட்டது, இன்னும் நடக்கிறது. கழகம் தொடங்குகிறவர்கள் எங்கெங்கோ பயிற்சிப் பட்டறைக்குப் போகிறீர்கள், ஒருமுறை உங்கள் தோட்டத்து மரண ஆதாரச் சங்கத்துக் கொப்பியை வாங்கிப் புரட்டிப் பாருங்கள்.

எங்கள் உறுப்பினர்களில் பாதிப் பேர் கொழும்பில் கடைகளில் வேலைக்குப் போய்விட்டார்கள். தலைவரும் வெள்ளவத்தையில். வட்ஸ்அப்பில் கூட்டம் நடத்துகிறோம். சரிதானே?
— வாசகர், தலவாக்கலை

வட்ஸ்அப்பில் முடிவெடுக்கலாம், கான் வெட்ட முடியாது. அவர்கள் உறுப்பினராக இருக்கட்டும், சந்தா அனுப்பட்டும், ஆனால் பதவி ஊரில் இருப்பவர்களிடம் வந்துவிட வேண்டும். இல்லாவிட்டால் கடைக்குள் நின்று சாமான் கட்டிக்கொண்டே ஒருவர் கட்டளை போடுவார், மழையில் நனைகிறவன் ஒருநாள் "நீயே வந்து செய்" என்பான், அதோடு குரூப்பில் இரண்டு பேர் வெளியேறினார்கள் என்று வரும்.

ஆண்டுப் பொதுக்கூட்டத்தைத் தீபாவளிக்கு மறுநாளோ தைப்பொங்கலுக்கு மறுநாளோ வையுங்கள், எல்லோரும் ஊரில் இருப்பார்கள். தீபாவளிக்கு முதல் நாள் வேண்டாம், சொல்ல வேண்டியதில்லை. பிள்ளைகள் வெளியூருக்குப் போவது நிற்கப்போவதில்லை, அதைக் குறையாகச் சொல்லிக்கொண்டிருப்பதில் பிரயோசனமும் இல்லை. ஆகவே ஒவ்வொரு பதவிக்கும் கீழே 15, 16 வயதில் ஒரு பிள்ளையை இப்போதே உட்கார வையுங்கள், செயலாளர் பஸ் ஏறும்போது கொப்பியை வாங்கிக்கொள்ள ஒரு கை வேண்டும்.

கொழும்பில் இருப்பவர்களுக்கும் ஒரு வேலை கொடுக்கலாம். புதிதாக வேலைக்கு வருகிற தம்பிமார் எந்தக் கடையில் சம்பளம் ஒழுங்காகத் தருகிறார்கள், எங்கே ஊழியர் சேமலாப நிதி பிடிக்கிறார்கள் என்று கேட்டால் சொல்லட்டும். சென்ற இதழில் அந்தத் தம்பியைக் கழகத்தில் விசாரிக்கச் சொன்னது இதற்காகத்தான்.

கழகம், கழகம் என்று என் மகன் உயர்தரத்தைக் கோட்டை விட்டுவிட்டான். கிரிக்கெட்டும் சவுண்ட் சிஸ்டமும் தவிர இவர்கள் என்ன செய்கிறார்கள்?
— ஒரு தகப்பன், கொஸ்லந்தை

அண்ணன், உங்கள் கோபம் பாதி நியாயம். மகன் கோட்டை விட்டதற்குக் கழகம் மட்டும்தான் காரணமா என்று எனக்குத் தெரியாது, போனையும் கொஞ்சம் விசாரித்துப் பாருங்கள். ஆனால் "என்ன செய்கிறார்கள்" என்ற கேள்வி சரியான கேள்வி.

நீங்கள் கொஸ்லந்தையில் இருந்து எழுதுவதால் இதைச் சொல்கிறேன். 2014 ஒக்டோபர் 29 காலையில் மீரியபெத்தையில் மண் இறங்கியதை உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. தேசிய கட்டிட ஆராய்ச்சி நிறுவனம் மண்சரிவுக்கு வைத்திருக்கிற கணக்கு, 24 மணித்தியாலத்தில் 75 மில்லிமீற்றர் மழை என்றால் விழிப்பு, 100 என்றால் எச்சரிக்கை, 150 என்றால் வெளியேற வேண்டும். இந்த மழையை அளக்க ஒரு சாதாரண மழைமானி போதும், ஒரு பிள்ளை தினமும் காலையில் பார்த்துக் கொப்பியில் எழுதினால் போதும். மழைக்காலத்தில் இரவில் முறை வைத்து விழித்திருந்து பார்க்கப் பொடியன்கள் இருந்தால் இன்னும் நல்லது. எந்த லயத்தில் நடக்க முடியாத பாட்டி இருக்கிறார், யார் தூக்குவது, எந்தப் பாதையால் போவது, சாவி யாரிடம் — இதை எழுதி வைக்க இளைஞர் கழகத்தைவிட யார் இருக்கிறார்கள்? அனர்த்த முகாமைத்துவ நிலையத்தின் 117க்கு போன் எடுப்பது அப்புறம், முதலில் கதவைத் தட்ட ஆள் வேண்டும். சவுண்ட் சிஸ்டம் இருக்கிறது என்கிறீர்களே, அதை அன்றைக்கு ஊரை எழுப்பப் பயன்படுத்தலாம்.

உங்கள் மகனிடமே இந்த வேலையைக் கொடுக்கச் சொல்லுங்கள். திரும்ப எழுதுகிற வருடத்தில் மாலை ஆறு முதல் எட்டு வரை கழகக் காம்பராவில் படிப்பு, எட்டுக்கு மேல்தான் கெரம் போர்ட் என்று ஒரு விதியும் போடச் சொல்லுங்கள். லயத்தில் டீவிச் சத்தத்துக்கும் தங்கச்சி அழுகைக்கும் நடுவே படிக்க இடம் இல்லாத பிள்ளைகளுக்கு, ஒரு மேசையும் பல்ப்பும் உள்ள அறை பெரிய உதவி.

எங்கள் பிரிவில் சிங்களக் கிராமத்துப் பிள்ளைகளும் நாங்களும் ஒரே கழகம். கூட்டம் முழுக்கச் சிங்களத்தில் நடக்கிறது. பிரிந்து போவதா?
— வாசகர், கினிகத்தேனை

பிரிய வேண்டாம். இரண்டு பேர் அறிக்கை எழுதுங்கள், ஒன்று தமிழில், ஒன்று சிங்களத்தில், அடுத்த கூட்டத்தில் இரண்டையும் வாசியுங்கள். பொழுது கொஞ்சம் போகும், போகட்டும். பிரதேச மட்டத்தில் இளைஞர் கழகச் சம்மேளனத் தேர்தல் வரும்போது நம் பிள்ளைகள் பலர் போவதே இல்லை, போகாத இடத்தில் பெயர் இல்லை என்று பிறகு புலம்புகிறோம். போங்கள்.

டீச்சர், எங்கள் கழகத்துக்குப் போர்டு மட்டும்தான் மிச்சம். எட்டு மாதமாகக் கூட்டம் இல்லை. மூடிவிடலாமா?
— முன்னாள் உபதலைவர், ஹட்டன்

மூடுவதற்கும் ஒரு கூட்டம் வேண்டுமே. அதையாவது வையுங்கள். யாரையும் திட்டாமல், "ஞாயிறு இரண்டு மணி, கணக்கு வாசிக்கப்படும்" என்று மட்டும் கடைச் சுவரில் எழுதி ஒட்டுங்கள். இருக்கிற காசு, இருக்கிற பந்து, விக்கெட், கதிரை, யார் வீட்டில் எது கிடக்கிறது எல்லாவற்றையும் வாசியுங்கள். வாசித்து முடித்த பிறகு எவ்வளவு பேர் எழுந்து போகாமல் உட்கார்ந்திருக்கிறார்கள் என்று எண்ணி எனக்கு எழுதுங்கள். நாலு பேர் என்றாலும் எழுதுங்கள்.